மூன்று மெர்சிகள்

முதல் குடியேறிகளின் வாரிசுகள் மட்டுமே சேர முடிகிற முன்னோர் சங்கத்திலிருந்து என் விண்ணப்பம் திரும்பி வந்தது. கூடவே ஒரே ஒரு வரி: "நீங்கள் காட்டும் மெர்சி லாம்சன் இரண்டு வயதில் இறந்துவிட்டார். அவருக்கு வாரிசு இருக்க வழியில்லை."

கப்பலில் வந்து இந்த மாசச்சூசெட்ஸ் கரையில் இறங்கிய ஓபதையா லாம்சனின் மகள் அந்த மெர்சி. அவளிலிருந்து என் வரைக்கும் தலைமுறை தலைமுறையாகக் கோத்து வைத்திருப்பவள் நான். என்னிடமா இந்தப் பேச்சு! போன வருஷமாக இருந்தால் சங்கத்தை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். இப்போது கோபம்கூட வரமாட்டேன் என்கிறது. என் மகள் ஹெட்டி பனி உறைந்த சாலையில் காரோடு சறுக்கி இறந்து பதினொரு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து எனக்கு எல்லாம் மரத்துப் போய்விட்டது.

மகன் ஆல்டன் காலையில் போன் செய்திருந்தான். அவன் மனைவிக்கு நிறைமாதம், பெண் குழந்தை.

"அம்மா, ஹெட்டின்னே வைக்கலாமா? நீ சரின்னு சொன்னாத்தான் வைப்போம்."

"யோசிச்சுச் சொல்றேன்டா."

"மூணு வாரமா இதையேதான் சொல்ற. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்மா."

நான் யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. போனை வைத்துவிட்டு நகர அலுவலகத்துக்குப் போனேன்.

பதிவேட்டு அறைச் சாவியோடு அங்கே எழுத்தராக இருக்கும் டுவைட் வந்தான். "என்னக்கா, உங்க கொள்ளுப்பாட்டன் இன்னும் செத்து முடிக்கலையா?"

"வாயை மூடிட்டுப் புத்தகத்த எடு."

பழுப்பேறிய பக்கத்தில் மூன்று வரிகள் இருந்தன. மெர்சி, பிறப்பு 1651. இரண்டு வயதில் மரணம். அடுத்த வருஷம் இன்னொரு மெர்சி, ஆறு வாரத்தில் மரணம். 1656இல் மறுபடியும் ஒரு மெர்சி. கல்யாணமாகி ஏழு பெற்றவள் இவள்தான். செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்து வழக்கம். எனக்குத் தெரியாததா? தெரிந்தும் முதல் மெர்சியின் பிறந்த நாளைத் தூக்கி மூன்றாமவளுக்குக் கொடுத்திருக்கிறேன், வெட்கக்கேடு. முப்பது வருஷமாக வம்சம் தேடியும் அந்தக் குழந்தை செத்ததே எனக்குத் தெரியாது.

விண்ணப்பத்தைத் திருத்தினேன். ஒரு தலைமுறைக்கு ஒரே கட்டம், அதுவும் பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும். முதல் இரண்டு மெர்சிகளுக்கும் அதில் இடம் கிடையாது. ஹெட்டிக்கும் பிள்ளை இல்லை.

அங்கிருந்தே ஆல்டனைக் கூப்பிட்டேன்.

"வேணாம்டா அந்தப் பேரு."

"ஏம்மா? அவ பேரு நிலைக்கட்டுமேன்னுதான..."

"பேரு நிலைக்கும்டா. அவ போயிடுவா. ஹெட்டின்னா உன் பொண்ணுன்னு ஆயிடும். அப்புறம் என்னை மாதிரி ஒரு மடச்சி வந்து ரெண்டு பேரையும் ஒருத்தியாக்கிடுவா."

"அப்ப என்ன பேரும்மா வைக்கிறது?" என்றான்.

"நம்ம வீட்ல இன்னும் யாரும் சாகாத பேரா ஒண்ணு பாரு."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. அக்காவுக்காக அவன் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வரவில்லை. அவன் அழுது முடிக்கும் வரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.