சூரகானுக்கு முன்பே வந்து சேர்ந்தவள்

பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து சூரகான் வீட்டுக்கு வந்தபோது, அவளுக்கு முன்பே அவள் வந்து சேர்ந்திருந்தாள். அது 1994 மார்ச் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை. நரின் ஆற்றின் ஓரங்களில் இன்னும் பனிக்கட்டி இருந்தது. மேதெர் தன் மனைவியை டிராக்டர் வண்டியிலிருந்து போர்வையோடு தூக்கி இறக்கினான். அவன் தாய் கல்பூபு குழந்தையை வாங்கிக்கொண்டு கதவை உதைத்துத் திறந்தாள். உள்ளே, ஐந்து நாளைக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உடுத்தியிருந்த அதே பச்சைக் கம்பளிச் சட்டையில், சூரகான் நின்றுகொண்டு அடுப்பில் வறட்டி போட்டுக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. சட்டையின் மார்பு நனைந்திருந்தது. கல்பூபு மகன் கையிலிருந்தவளைப் பார்த்தாள், அடுப்படியில் நின்றவளைப் பார்த்தாள், பிறகு மகனிடம், "வாசல்ல நின்னு வேடிக்கை பாக்காம உள்ள வந்து கதவைச் சாத்து. சூடு போகுது" என்றாள்.

நடந்தது இதுதான். அந்த வருஷம் ஊரில் பாதி நாள் மின்சாரம் இல்லை, ஆம்புலன்ஸுக்குப் பெட்ரோல் இல்லை, ரத்தம் சேர்த்துவைக்கும் பெட்டியில் யாரோ உருளைக்கிழங்கு வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வயதுச் சூரகான் இருபது மணி நேரம் வலியெடுத்து ஆண் குழந்தை பெற்றாள். நஞ்சுக்கொடி முழுதாக வரவில்லை. ரத்தம் மெத்தையை நனைத்து, பலகைத் தரையில் ஓடி, வாசற்படி வரை போனது. நர்ஸ் ராயா நாலு மணி நேரம் மண்டியிட்டபடி முஷ்டியால் அவள் வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் சூரகானின் உதடு வெளுத்துக் கண் மேலே செருகியது. அந்த நேரத்தில் ஒரு பெண் வெறுங்காலோடு பின்கதவைத் திறந்துகொண்டு பனியில் ஓடியதை ராயா பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரி பயந்து ஓடுகிறாள் என்று நினைத்தாள். பிற்பாடுதான் அன்று வார்டில் வேறு யாருமே இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. ரத்தம் நின்றது. சூரகான் பிழைத்தாள். அதுவே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஊரில் முதல் வாரம் முழுக்க இதே பேச்சுதான். பிரசவித்தவளின் நுரையீரலைத் திருடி ஆற்றில் முக்கிவிடும் மஞ்சள் முடிப் பேய் அல்பார்ஸ்தியின் வேலை இது என்று சிலர் சொன்னார்கள். முல்லா வந்தார், ஓதினார், மூன்று கோப்பை தேநீர் குடித்தார். அடுப்படியில் நிற்பவளுக்கு நிழல் விழுகிறது, ரொட்டி தின்கிறாள், இறைவன் பெயரைச் சொன்னால் ஓடவில்லை, ஆகவே ஜின் இல்லை, வேறு என்னவென்று தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றவள் பேசமாட்டாள். வேலை செய்வாள். கையைத் தொட்டால் சுடும். படுக்கையிலிருக்கும் சூரகானின் கையோ கிணற்றுக் கயிறு போலச் சில்லிட்டிருந்தது.

பிரச்சினை பாலில்தான் தொடங்கியது. சூரகானுக்குப் பால் வரவில்லை. கல்பூபு ஆட்டுவால் கொழுப்பில் சூப் வைத்துக் கொடுத்தாள், மார்பில் சூடான துணி கட்டினாள், யார் யாரோ சொன்ன வேரையெல்லாம் கொதிக்கவைத்தாள். ஒரு சொட்டும் இல்லை. மார்பு கட்டக்கூட இல்லை, கல்யாணமாகாத பெண்ணின் மார்பு போலக் கிடந்தது. பசுவின் பாலைக் குழந்தை கக்கியது. மூன்றாம் நாள் நடுப்பகலில் குழந்தை கத்திக் கத்தி நீலம் பாரித்தபோது, மற்றவள் தொட்டிலிலிருந்து அவனை எடுத்துச் சுவரோரம் நின்று, சட்டையை விலக்கினாள்.

"அத்தை, அவகிட்ட விடாதீங்க" என்று சூரகான் படுக்கையிலிருந்து சொன்னாள். எழுந்திருக்க முயன்றாள், முடியவில்லை.

"பிள்ளை சாகக் கெடக்குது. யாரு பாலா இருந்தா என்ன? அவளும் நீதானேடி."

"நான்னா எனக்கு ஏன் ஒண்ணும் தெரியல, அத்தை? அவன் குடிக்கிறான். எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

குழந்தை குடிக்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. குடிக்கும் அவ்வளவு நேரமும் மற்றவள் குழந்தையைப் பார்க்கவில்லை. சூரகானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெமிர் என்று பெயர் வைத்தார்கள். அவன் அந்தப் பாலில் இரண்டு வருஷம் வளர்ந்தான், நன்றாகவே வளர்ந்தான். சூரகான் வளர்பிறை தேய்பிறை எல்லாம் மறந்துபோனாள், ஏனென்றால் அவளுக்கு மாதவிலக்கு திரும்பவே இல்லை. ஜூலையில் மேய்ச்சல் மலைக்குப் போனால் மற்றப் பெண்கள் கையில்லாச் சட்டையில் புளித்த குதிரைப்பால் கடைவார்கள், இவள் மூன்று கோட்டு போட்டுக்கொண்டு நெருப்பருகே நடுங்குவாள். புருவத்தின் வெளிப்பாதி உதிர்ந்தது, அக்குளில் முடி இல்லை, முகம் மெழுகுத்தாள் போல வெளுத்து மெல்லிய சுருக்கம் விழுந்தது. எழுந்தால் கண் இருட்டும். பேச்சின் நடுவே தூங்கிப்போவாள். மருத்துவ நிலையத்தில் ரத்தசோகை என்று இரும்பு மாத்திரை கொடுத்தார்கள், அடுத்த வருஷம் நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டார்கள், அதற்கடுத்த வருஷம் சோம்பல் என்று சொல்லி ஒன்றும் கொடுக்கவில்லை. மற்றவளுக்கோ ஒரு மாற்றமும் இல்லை. அவள் ரொட்டி சுட்டாள், ஆட்டுமயிர் அடித்துக் கம்பளம் பரத்தினாள், சட்டை மார்பு காயாமலே இருந்தது. வேலிக்கு வெளியே மட்டும் அவள் போனதே இல்லை.

மேதெரை ஊர் ஆண்கள் விட்டுவைக்கவில்லை. "உனக்கென்னப்பா, ஒரு பரிசத்துக்கு ரெண்டு பெண்டாட்டி" என்பார்கள். "ஒருத்தி தூங்குறா, இன்னொருத்தி வாயத் திறக்க மாட்டேங்கிறா. வேணும்னா ஒரு வாரம் வச்சுப்பாரு, ரெண்டு பேரையும் ஓட்டிவிடறேன்" என்று அவனும் சிரித்துக்கொண்டே சொல்வான். ஒரு நாள் சூரகானே அவனிடம், "என்கிட்ட என்ன இருக்குங்க? எனக்கு ஆசைன்னு ஒண்ணு இருந்துச்சான்னே மறந்துபோச்சு. நீங்க அவகிட்ட போங்க. அவளும் உங்க பெண்டாட்டிதான்" என்றாள். மேதெர் நெடுநேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "போனேன்" என்றான். "போன வருஷம் ஒரு தடவை போய்க் கையப் பிடிச்சேன். அவ என்னைப் பாக்கவே இல்ல. சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ படுத்திருந்த திசையப் பாத்துட்டு இருந்தா. பயந்து வந்துட்டேன்."

அந்தப் பார்வைதான் சூரகானை அரித்தது. வருஷக்கணக்காக, எந்த வேலையின் நடுவிலும், எந்த அறையிலிருந்தும், மற்றவளின் கண் அவள்மேல் இருந்தது. தன்னிடமிருந்து எதையோ திருப்பி வாங்க வந்து நிற்கிறாள் என்று சூரகான் நம்பினாள். என்னவென்று தெரிந்தால் கொடுத்துத் தொலைத்துவிடலாம். தெமிர் பேசத் தொடங்கியபோது மற்றவளை அம்மா என்றான். சூரகானைக் குளிரம்மா என்றான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மடியில் உட்காரவைத்தால் இரண்டு நிமிஷத்தில் குளிருது என்று இறங்கிவிடுவான்.

2003 இலையுதிர்காலத்தில் ஊரில் வாந்தியும் காய்ச்சலும் பரவியது. எல்லோரும் இரண்டு நாள் படுத்து மூன்றாம் நாள் எழுந்து ஆடு மேய்க்கப் போனார்கள். சூரகான் எழவில்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், யாரென்று தெரியவில்லை. நர்ஸ் ராயா ரத்த அழுத்தக் கருவியை இரண்டு முறை கட்டிப் பார்த்துவிட்டு, கருவிதான் கெட்டுவிட்டது என்றாள். மேதெர் மலையில் இருந்தான். அப்போது மற்றவள் கையிலிருந்த மாவைத் துடைக்காமல் வேலியைத் தாண்டினாள், வயலைத் தாண்டினாள், பெரிய ரோட்டின் நடுவில் போய் நின்றாள். நிலக்கரி லாரி ஓட்டிவந்தவன் அதைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான். "பிரேக்கை அமுக்கி நிறுத்தி, சாகறதுக்கு வேற வண்டி கெடைக்கலையான்னு சத்தம் போட்டேன். பேசல. என் கையப் பிடிச்சு இழுத்தா. இங்க பாரு, அஞ்சு விரலும் பதிஞ்ச தழும்பு. வீட்டுக்குள்ள போனா அதே பொம்பள செத்தவளாட்டம் படுத்திருக்கா. நான் ஒண்ணும் கேக்கல. தூக்கி முன்சீட்டுல போட்டேன்."

நகர ஆஸ்பத்திரியில் பெகிமை என்ற டாக்டர் இருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது, தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவள். சர்க்கரைத் தண்ணீரை நரம்பில் ஏற்றச் சொல்லிவிட்டு, சூரகானின் புருவத்தைப் பார்த்தாள், அக்குளைப் பார்த்தாள், பிறகு கூட வந்திருந்த கல்பூபுவிடம் ஒன்பது வருஷமாக யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"கடைசிப் பிரசவத்துல ரத்தம் நிறையப் போச்சாம்மா?"

"வாசல் வரைக்கும் போச்சு."

"அதுக்கப்புறம் பால் வந்துச்சா?"

கல்பூபு யோசித்தாள். "வந்துச்சு. ஆனா இவளுக்கு இல்ல."

டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, இல்லை என்று எழுதிக்கொண்டாள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவு ஒரு சுரப்பி இருக்கிறது, பாலுக்கும் மாதவிலக்குக்கும் உடம்புச் சூட்டுக்கும் அதுதான் உத்தரவு போடுவது, ரத்தம் அதிகம் போனால் அது பட்டினியில் செத்துவிடும், செத்தது முளைக்காது, ஆனால் அது போட்ட உத்தரவை மாத்திரையாகக் கொடுக்கலாம் என்று விளக்கினாள். முதலில் ஒரு மாத்திரை, சில நாள் கழித்து இன்னொன்று, சாகும்வரை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வந்தால் முதல் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும். இன்னொரு பிள்ளை பிறக்குமா என்று கண் விழித்திருந்த சூரகான் கேட்டாள். கஷ்டம் என்றாள் டாக்டர். பிறகு அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு, "நீங்க சோம்பேறி இல்லக்கா" என்றாள். சூரகான் அழுதாள். கண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் மாதத்தில், சூரகான் ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். வேர்க்கிறது என்றாள். கோட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆணியில் மாட்டினாள். தெமிர் வந்து அவள் தோளில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, அங்கேயே வைத்துக்கொண்டான். இனி மற்றவள் கரைந்துபோவாள் என்று ஊரே எதிர்பார்த்தது. சிலர் அதைப் பார்க்கவே ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு வந்து தேநீர் குடித்துப் போனார்கள். அவள் கரையவில்லை. அடுப்படியில் நின்று சூரகானைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

தலை தெளிந்த சூரகான் ஒரு காலை முதன்முறையாக அவளெதிரே போய் நின்று, அந்தப் பார்வையைத் திருப்பிப் பார்த்தாள். இத்தனை சின்னப் பெண்ணா என்று இருந்தது. இருபத்திரண்டு வயது. நெற்றிமுடியில் பிரசவ வேர்வை இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது. பாதத்தில் பனி சுட்ட சிவப்பு. கண்ணில் இருந்தது கேட்டு வாங்க வந்தவளின் பார்வை இல்லை, பின்கதவு வழியாகப் பாதியில் ஓடிவந்தவளின் பார்வை. உள்ளே என்ன ஆயிற்று என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஒன்பது வருஷமும் ஒன்பது மாதமும் அவள் கட்டிலில் கிடந்தவள் செத்தாளா பிழைத்தாளா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

சூரகான் அவள் இரண்டு கையையும் பிடித்தாள். சுட்டது, விடவில்லை.

"நின்னுடுச்சு" என்றாள். "ரத்தம் நின்னுடுச்சும்மா. நாம பொழைச்சுட்டோம். பையனும் நல்லா இருக்கான்."

மற்றவள் அவளைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. சூரகான் அந்தப் பச்சைச் சட்டையைக் கழற்றி, உலர்ந்த ஒன்றை மாட்டிவிட்டு, தன் படுக்கையில் படுக்கவைத்தாள். மற்றவள் மூன்று நாள் தூங்கினாள். எழுந்தபோது கை சாதாரணச் சூட்டில் இருந்தது. அதன்பிறகு அவள் ஜன்னலைப் பார்த்தாள், கோழியைப் பார்த்தாள், வேலியைத் தாண்டி ஆற்றுக்குப் போய் வந்தாள். பேசத்தான் இல்லை, பாட்டு மட்டும் முணுமுணுத்தாள்.

வருஷங்கள் போயின. கல்பூபு இறந்தாள். மேதெர் டிராக்டரை விற்றுக் குதிரைகள் வாங்கினான். சூரகானுக்கு நரை வந்தது, மூட்டுவலி வந்தது, மாத்திரையை விடாமல் விழுங்கினாள். மற்றவள் இருபத்திரண்டிலேயே இருந்தாள். தெமிர் அவளைப் பத்து வயதுவரை அம்மா என்றான், பதினைந்தில் அக்கா என்றான், மீசை வந்தபிறகு சூரகான் என்றே பேர்சொல்லிக் கூப்பிட்டான், இருபத்துமூன்றில் தங்கச்சி என்று சொல்லி அவளுக்குச் சந்தையிலிருந்து வளையல் வாங்கி வந்தான். அதே வருஷம் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண்வீட்டார் தூரத்து ஊர்க்காரர்கள். விருந்தில் சம்பந்தியம்மாள் கூடத்தின் கீழ்க்கோடியில் உட்கார்ந்திருந்தவளைக் காட்டி, "அந்த அழகான பொண்ணு யாரு சம்பந்தி? உங்க சாயலா இருக்கா" என்று கேட்டாள்.

"என் பொண்ணு" என்றாள் சூரகான்.

"வயசு வந்தவதானே, இன்னும் கட்டிக்குடுக்கலையா?"

"அவ ஒரு பிள்ளை பெத்துட்டா சம்பந்தி. ரொம்பக் கஷ்டப்பட்டுட்டா. போதும்னு வீட்டோட வச்சுக்கிட்டேன்."

சம்பந்தியம்மாள் தலையாட்டினாள். அவளுடைய பிரசவங்களிலும் இரண்டு பயமாகத்தான் இருந்தன. தன் தட்டிலிருந்து எலும்பில்லாத நல்ல கறித்துண்டாக ஒன்றை எடுத்து, வரிசையில் கீழே கைமாற்றிக் கைமாற்றி அவளிடம் சேர்க்கச் சொன்னாள்.