ஆசீர்வாதத்துக்குக் கட்டம் இல்லை

நிலையில்லாத இந்த உலகத்தில் மனிதனுக்கு நிழலாக நிற்பவர்கள் மூன்றே பேர்: மருத்துவர், வக்கீல், காப்பீட்டு முகவர். இதைச் சொன்னவர் மூன்றாவது வகையைச் சேர்ந்த பெரியப்பா. சொல்லி முடித்ததும், தேநீருக்குள் உடைந்து விழுந்துவிட்ட பிஸ்கட்டைக் கரண்டியால் தேட ஆரம்பித்தார்.

எதிரே ஆறு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தவள் அவருடைய தம்பி மகள். எதையும் கிண்டிப் பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு 'நோண்டி' என்று பெயர். அவள் வேலையும் அதுதான். மின்தூக்கிகளைச் சோதித்துச் சான்று கொடுப்பவள். முதுநிலை ஆய்வாளர் ஆவதற்கான செய்முறைத் தேர்வு அடுத்த வாரம் வெளிநாட்டில் நடக்கிறது. போகலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். இந்த முறை விட்டால் அந்தப் பதவி மேலதிகாரியின் மருமகனுக்குப் போய்விடும். அவனோ மின்தூக்கியில் ஏறினாலே கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறவன்.

போவது என்று முடிவாகிவிட்டது. ஆனால் சரியான பயணக் காப்பீடு இல்லாமல் விமானத்தில் கால் வைப்பதில்லை என்பதையும் அவளே முடிவு செய்திருந்தாள். போன இடத்தில் குழந்தை அவசரப்பட்டுப் பிறந்துவிட்டால், இந்த வீட்டை விற்றுக் கட்டினாலும் அந்த ஊர் மருத்துவமனையின் வாசற்படியைத் தாண்ட முடியாது.

"நம்ம பாலிசி எடுத்துட்டா நீ கண்ண மூடிக்கிட்டுப் போகலாம்மா," என்றார் பெரியப்பா. "எல்லாம் நானே நிரப்பிட்டேன். கையெழுத்து மட்டும் போடு."

அவள் பேனாவைத் தொடவில்லை. விண்ணப்பத்தை வாங்கிப் படித்தாள். உடல்நிலை குறித்துத் தெரிவிக்க வேண்டியவை என்ற இடத்தில், முத்து முத்தான கையெழுத்தில் 'ஒன்றுமில்லை' என்றிருந்தது.

"பெரியப்பா, நான் மாசமா இருக்கேன்."

"தெரியுமே. ரொம்ப சந்தோஷம்."

"இங்க ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கீங்க."

"அது கோளாறு ஏதாவது இருக்கான்னு கேக்குற கட்டம். இது கோளாறா? ஆசீர்வாதம். ஆசீர்வாதத்துக்கு அவங்க கட்டம் வெக்கல."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது. "வாயும் வயிறுமா இருக்கிறவ எதுக்குடி இப்படி நோண்டிக்கிட்டு? தொளதொளன்னு ஒரு சட்டையப் போட்டுக்கிட்டுப் போனா யாருக்குத் தெரியப்போகுது?"

"உள்ள இருக்கிறதுக்குத் தெரியும்மா. அது வெளிய வந்துட்டா ஊருக்கே தெரியும்." பெரியப்பாவின் பக்கம் திரும்பினாள். "சொல்லாம போயி அங்க ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி பணம் கொடுக்குமா?"

"ஏன்மா அபசகுனமா பேசற? ஒண்ணும் ஆகாது."

"கயிறு அறுந்தா புடிக்கிற பிரேக் இருக்கான்னு நான் கேப்பேன். கயிறு அறுந்து போகாதுங்கன்னு ஒருத்தர் சொன்னா, அந்த லிஃப்டுக்குப் பூட்டுப் போட்டுட்டு வந்துடுவேன். கம்பெனிக்குப் போன் போடுங்க."

பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு பெரிய மனிதர் தனக்காகக் காத்திருப்பது அவருக்குத் திடீரென்று நினைவுக்கு வந்தது. மேலிடத்தில் தனக்கு ஆள் இருப்பதாகவும், காதும் காதும் வைத்தாற்போல் பேசி முடித்துவிடுவதாகவும் சொல்லிக்கொண்டே பையை மூடினார். நோண்டி தன் நாற்காலியை இழுத்து வாசலை அடைத்தாற்போல் போட்டு உட்கார்ந்தாள். அந்த வயிற்றைத் தாண்டிப் போகிற தைரியம் அவருக்கு இல்லை.

அவளே எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி கைபேசியை மேசைமேல் வைத்தாள். நெடுநேரம் இசை ஓடியது. அம்மா இன்னொரு தேநீர் கொண்டுவந்தாள். பெரியப்பா இந்த முறை பிஸ்கட்டை நனைக்கவில்லை.

கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. நோண்டி சுற்றி வளைக்காமல் சொன்னாள். "நான் கர்ப்பமா இருக்கேங்க. அடுத்த வாரம் வெளிநாடு போகணும்."

"திரும்பி வர்ற அன்னிக்கு எத்தனை வாரம் ஆகியிருக்கும்? அதத்தான் நாங்க கணக்குல எடுப்போம்."

"இருபத்தொம்பது."

பெரியப்பா, இதைத்தான் தானும் கேட்க இருந்தவர்போலத் தலையாட்டினார்.

"சாதா பாலிசில திடீர்ச் சிக்கலுக்கு மட்டும்தாங்க பணம் வரும். அதுவும் கர்ப்பம்னு முன்னாடியே சொல்லியிருந்தாத்தான். மறைச்சா ஒண்ணும் கிடைக்காது."

அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்து நின்றாள்.

"குழந்தை முன்னாடியே பொறந்துட்டா?"

"அதுக்குத் தனியா ஒரு திட்டம் சேர்த்துக்கணும். டாக்டர் கடிதம் வேணும்."

"கடிதம் இருக்கு. பொறந்த குழந்தைய இன்குபேட்டர்ல வெச்சா அந்தச் செலவும் அதுல வருமா?"

"அது... பாத்துத்தான் சொல்லணும்."

"பாத்துட்டு வாங்க. நான் இருக்கேன்."

மறுபடி இசை. அவள் அசையவில்லை. வயிற்றுக்குள் இருந்தது மட்டும் ஒருமுறை உதைத்துப் பார்த்துவிட்டு, பயனில்லை என்று அடங்கியது.

"வரும்ங்க," என்றது குரல்.

"வாயால வேண்டாம். எழுத்துல அனுப்புங்க."

எழுத்தில் வந்தது. எறும்பு முட்டை அளவில் அச்சிட்டிருந்த அடிக்குறிப்புகள்வரை விடாமல் படித்தாள். ஒரு வரியில் சந்தேகம் வர, அதையும் கேட்டுத் திருத்தி வாங்கினாள். பிறகுதான் முதுகை நாற்காலியில் சாய்த்தாள்.

"சரிங்க, போட்டுடலாம்."

"முகவர் யாராவது இருக்காங்களா? இருந்தா அவங்க மூலமாவே பதிவு பண்ணிடறேன்."

"இதோ பக்கத்துலயே இருக்காரு!" என்று முந்திக்கொண்டாள் அம்மா. "உங்க நம்பரச் சொல்லுங்க, கமிஷன் வெளியாளுக்கு ஏன் போகணும்?"

பெரியப்பா கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். நல்ல காரியத்தில் கமிஷன் பார்ப்பது தன் கொள்கைக்கு விரோதம் என்றார். அம்மா விடவில்லை. அவர் சுவரைப் பார்த்தபடி தன் முகவர் எண்ணைச் சொன்னார். மறுமுனையில் விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

நோண்டி பாலிசியை நேரடியாகவே எடுத்தாள். பயணச்சீட்டையும் அன்றே போட்டாள். பெரியப்பாவின் முகவர் உரிமம் போன வருடமே ரத்தாகியிருந்தது. புதுப்பிக்கும் தேர்வில் அவர் தேறவில்லை.