எதிர்த்தரப்பின் ஃபோல்டர்

குடும்ப நீதிமன்றத்தின் நடைபாதையில் இரண்டு பெஞ்சுகள் எதிரெதிரே கிடந்தன. ஒன்றில் அவள், இன்னொன்றில் அவள் புருஷன். விவாகரத்து இன்னும் முடிந்தபாடில்லை, அதனால் புருஷன்தான். நடுவே ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தது ஒரு வசதி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

ஏழு வயதுப் பாப்பா யாரிடம் இருப்பது என்பதுதான் அன்றைய விசாரணை. புருஷனுடைய மனு அவளுக்கு வரிக்கு வரி மனப்பாடம். எந்நேரமும் வேலை வேலை என்றே கிடப்பவள், பிள்ளைக்குக் காய்ச்சலென்றாலும் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்காதவள் என்று எழுதியிருந்தது. அதில் பாதி பொய். மீதிப் பாதிதான் அவளை அரித்தது.

“லேப்டாப்பை ஏம்மா தூக்கிட்டு வந்தே?” என்று வாசலிலேயே கடிந்துகொண்டாள் வக்கீலம்மா. “போனையாவது அணைச்சு வை. நம்ம கேஸ் கூப்பிடறதுக்குள்ள நான் ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன்.”

அவள் போனை அணைக்கவில்லை, சத்தத்தை மட்டும்தான் நிறுத்தினாள். வக்கீலம்மா படியிறங்கிய கையோடு அது பைக்குள் துடிக்க ஆரம்பித்தது.

அழைத்தவர் ஜோசியர். ஆபீசில் அவள் கூட வேலை பார்ப்பவர். எந்த மெஷின் எப்போது படுக்கும் என்று கரெக்டாகச் சொல்லுவார், ஆனால் அது படுத்த பிறகுதான் சொல்லுவார். அதனால் வந்த பேர்.

“தாயே, நீ கோர்ட்டுல இருக்கேன்னு தெரியும். வேற வழியில்ல,” என்றார். “வெப் சர்வர் எழுந்திருக்க மாட்டேங்குது.”

அவர்கள் கம்பெனி டயாலிசிஸ் மையங்களுக்கு சாஃப்ட்வேர் நடத்தியது. எந்த நோயாளியின் உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுக்கலாம், யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பதெல்லாம் உள்ளே அப்ளிகேஷன் சர்வரில் இருந்தது. மையங்களின் கேள்வி முதலில் வெளியே நிற்கும் வெப் சர்வருக்கு வரும். அங்கிருந்து அதை உள்ளே கொண்டுபோவது ஒரு சின்ன இணைப்பு மாட்யூல். முந்தின நாள் வெப் சர்வரின் பழைய மெஷின் டிஸ்கோடு சேர்ந்து செத்துப்போய், பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் புது மெஷினுக்கு ஏற்றியிருந்தார் ஜோசியர். இப்போது அந்த மாட்யூலை ஏற்றும் இடத்திலேயே புது மெஷின் விழுந்துகொண்டிருந்தது.

“என்ன சொல்லுது?”

“அதுக்கு வேண்டிய ஒரு லைப்ரரி ஃபைலைக் காணோமாம்.”

அவள் எதிர் பெஞ்சைப் பார்த்தாள். புருஷன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தாள். மனுவில் எழுதியிருப்பதை அவன் கண்ணெதிரிலேயே செய்துகாட்டிக்கொண்டிருந்தாள்.

மாட்யூல் ஓடும்போது துணைக்கு எடுத்துக்கொள்ளும் லைப்ரரிகள் என்னென்ன என்று மெஷினிடமே கேட்டுப் பார்த்தாள். வரிசையாக வந்த பெயர்களில் ஒன்றுக்கு நேரே மட்டும் ‘கிடைக்கவில்லை’ என்றிருந்தது. அதே பெயரில் ஒரு ஃபைல், அப்ளிகேஷன் சர்வரை விற்ற கம்பெனி கொடுத்த தொகுப்பில் இருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. அதை எடுத்து வைத்து வெப் சர்வரைக் கிளப்பினாள். இந்த முறை லைப்ரரி கிடைத்தது, ஆனால் வேறொரு புகார் வந்தது. மாட்யூல் தேடும் ஒரு ஃபங்ஷன், குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும் புரோக்ராம் துண்டு, அந்த லைப்ரரிக்குள் இல்லை. அதற்கு முந்தைய பதிப்பைப் போட்டாள். அதே புகார். அதற்கும் முந்தையது. அதே.

போன் மறுபடி துடித்தது. இந்த முறை ஒரு மையத்தின் தலைமை நர்ஸ். குரலில் கோபம் இல்லாததே பயமாக இருந்தது.

“நேத்து கணக்குப் பார்த்து எத்தனை பேருக்கு ஓட்டறது சொல்லுங்க? ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்குது. அவர் வழக்கமா போற மையம் வேற, அவர் கணக்கு எங்க கையில இல்ல. கூட்டி எடுத்தா பிரஷர் இறங்கிடும். குறைச்சு எடுத்தா நுரையீரல்ல தண்ணி.”

“பாத்துட்டுதான் இருக்கேன் சிஸ்டர்.”

“சீக்கிரம் பாருங்கம்மா.”

அடித்ததையே தப்புத் தப்பாக அடித்தாள். இங்கே அழுதால் அதையும் எழுதி வைப்பார்கள் என்று அழுகையை அடக்கிக்கொண்டாள். பிறகுதான், அந்த மாட்யூல் தன் லைப்ரரியை முன்பு எங்கே போய்த் தேடியது என்று கேட்கத் தோன்றியது. மாட்யூலைக் கட்டும்போதே, லைப்ரரி இருக்கும் ஃபோல்டரின் பாதையை அதற்குள் பதித்து வைக்க முடியும். அதைப் படிக்கும் கட்டளையைக் கொடுத்தாள்.

திரையில் ஒரே ஒரு பாதை வந்தது. அதன் நடுவில் அவள் புருஷனின் பெயர் இருந்தது.

அவள் கம்பெனியில்தான் அவனும் வேலை பார்த்தான். அங்கேதான் பழகினார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். பிரிந்தபோது அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். வேலையை விட்டவர்களின் ஃபோல்டர்களை பேக்கப்பில் சேர்க்க வேண்டாம் என்று உத்தரவு போட்டவளே அவள்தான். பழைய டிஸ்கோடு அவன் ஃபோல்டரும் போயிருந்தது.

நடைபாதையைக் கடக்க நாலைந்து அடிதான். போய் நின்றால் என்ன நினைப்பான், என்ன சொல்லுவான், நாளை வக்கீல் வாயால் அது எப்படி வெளியே வரும் என்றெல்லாம் மனசு ஓடியது. அந்தப் பெரியவரின் மூச்சு ஞாபகம் வந்தது. எழுந்து போனாள்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவள் அவனை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

“வக்கீல் மூலமா கேளு,” என்றான்.

“கேஸ் விஷயம் இல்ல.” லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். “டயாலிசிஸ் நின்னு போச்சு.”

அவன் திரையைப் பார்த்தான். படித்துக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள்.

“எந்த ஃபங்ஷனைக் காணோம்னு சொல்லுது?”

காட்டினாள்.

“அது நான் சேர்த்தது. பெரிய ரெக்கார்டா வந்தா நடுவுல கனெக்‌ஷன் அறுந்துட்டே இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? லைப்ரரியையே திருத்தி என் ஃபோல்டர்ல வச்சு, அதோட சேர்த்து மாட்யூலைக் கட்டினேன். சரியான இடத்துக்கு அப்புறம் மாத்திக்கலாம்னு இருந்தேன். அப்புறம்…” முகத்தைத் துடைத்துக்கொண்டான். “என் ஃபோல்டர் எங்க?”

“இல்ல. அழிஞ்சு போச்சு.”

“நான் எழுதின புரோக்ராம் கோடு?”

“அதுவும் அங்கதானே வச்சிருப்பே.”

‘நீங்க’ மறந்துபோய் ‘நீ’ வந்துவிட்டது. இருவருமே கவனிக்காதது போல இருந்தார்கள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைத் தேய்த்தான். உள்ளேயிருந்து வேறு யாருடைய வழக்கையோ கூப்பிட்டார்கள்.

“டெஸ்ட் மெஷின்,” என்றான். “முதல்ல அதுலதான் போட்டுப் பாத்தேன். அதைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?”

அவள் ஜோசியரைப் போனில் கூப்பிட்டு, இருவருக்கும் கேட்கும்படி வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் அலமாரிகளுக்கு நடுவே ஓடும் சத்தம் வந்தது. “இருக்கு, இருக்கு. தூசி தட்டணும், ஆனா இருக்கு.”

எந்த இடத்தில் தேட வேண்டும் என்று அவன் சொன்னான். ஃபைல் இருந்தது. புது மெஷினுக்கு அனுப்பி, எல்லோருக்கும் பொதுவான லைப்ரரி இடத்தில் வைக்கச் சொன்னாள் அவள். புதிதாக வந்த ஃபைல் மெஷினுக்குத் தெரிய வேண்டுமே, லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்லு என்றான் அவன். ஜோசியர் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தபோதே கோர்ட் ஊழியர் கதவைத் திறந்து அவர்கள் வழக்கின் எண்ணைக் கூவினார். படியேறி வந்த வக்கீலம்மா, இருவரும் ஒரே பெஞ்சில் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

சர்வர் எழுந்ததா இல்லையா என்று தெரியாமலேயே அவள் லேப்டாப்பை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

புருஷனின் வக்கீல் எழுந்ததும் அதைத்தான் எடுத்தார். யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். “இந்த வளாகத்துக்குள்ளேயே, சற்று முன்புகூட, இந்த அம்மா கம்ப்யூட்டரும் கையுமாக இருந்தார்.”

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புருஷனைப் பார்த்தார். “நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன். நானும் சேர்ந்துதான் பாத்தேன்,” என்றான் அவன். “நான் அரைகுறையா விட்டுட்டு வந்த வேலை அது. நோயாளிங்க காத்திட்டிருந்தாங்க. எழுந்து வந்து அவ கேக்கலேன்னா சரி பண்ணியிருக்க முடியாது.” அவனுடைய வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் உட்காரவில்லை. “ஆனா, பாப்பா என்கூட இருக்கணும்னு கேக்கறதை நான் மாத்திக்கல. அவ பொறுப்பில்லாதவள்னு சொல்லல. வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம்னு இழுபட்டுச் செத்துட்டிருக்கா, அதுல பாப்பாவும் மாட்டிக்குதுன்னு சொல்றேன்.”

அவளுக்கு முதலில் நன்றிதான் வந்தது. அடுத்த வாக்கியத்தில் அது போய்விட்டது. பொய்யென்றால் எதிர்த்து நிற்கலாம். இது பொய்யில்லை. நீதிபதி அவளிடம் கேட்டபோது, “அவர் சொல்றது உண்மைதான்,” என்றாள். “ஆனா பாப்பாவை விட்டு என்னால இருக்க முடியாது.”

அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அதுவரை பாப்பா அம்மாவிடம், சனி ஞாயிறு அப்பாவிடம்.

வெளியே வந்து சுவரோரமாக நின்று போனை எடுத்தாள். சர்வர் எழுந்துவிட்டதென்று ஜோசியர் சொல்லியிருந்தார். அதற்குக் கீழே தலைமை நர்ஸின் செய்தி. எல்லோருக்கும் மெஷின் ஓடுகிறது, அந்தப் பெரியவரை மட்டும் காத்திருக்க முடியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டோம், ஐசியூவில் இருக்கிறார், நினைவிருக்கிறது.

அதையே திரும்பத் திரும்பப் படித்தாள். புருஷன் பக்கத்தில் வந்து, “வந்துடுச்சா?” என்றான்.

“வந்துடுச்சு. ஒருத்தருக்கு மட்டும் லேட்டா வந்துடுச்சு.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கினான். அவள் அங்கேயே நின்று நர்ஸைக் கூப்பிட்டாள். பெரியவர் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார், கூட வந்தவர்கள் யார், இப்போது போனால் பார்க்க விடுவார்களா என்று கேட்டாள்.