வுகாதின் பிசைந்த ரொட்டி

ஆறு வருஷம் எங்கள் ஊர் வுகாதின் பிசைந்த ரொட்டியைத்தான் தின்றது. அவன் பேர் அப்போது யாருக்கும் தெரியாது. சிறைச்சாலையின் வடக்குச் சுவரில் ஒரு சன்னல் உண்டு. காலை ஆறரைக்கு அதன் தகரக் கதவு மேலே போகும், உள்ளேயிருந்து ஒரு காவலர் ரொட்டியை நீட்டுவார். கடை விலையைவிடக் குறைவு, மறுநாளும் காயாது. டாக்டர் வீட்டம்மா முதல் பஸ் ஓட்டுகிறவன் வரை அந்த வரிசையில் நின்றார்கள். எங்கள் முதலாளி திஹோமிர் நாலு தெரு தள்ளி ரொட்டிக்கடை வைத்திருந்தவர். அந்த வரிசையைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு வயிறு எரியும்.

அதனால்தான் நெவெங்கா என்கிற கைதிகளின் விடுதலையைக் கவனிக்கிற கண்காணிப்பு அதிகாரி அம்மா அக்டோபரில் வந்து, ஜெயிலுக்குள்ளே ரொட்டிப் பயிற்சி முடித்த ஒருத்தனுக்கு வேலை கொடுப்பீர்களா என்று கேட்டபோது, திஹோமிர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அந்த சன்னல் ரொட்டியப் பிசையிறவனா?"

"அவனேதான். முதல் வகுப்புச் சான்றிதழ். சம்பளத்துல பாதி ஒரு வருஷத்துக்கு அரசாங்கம் கொடுக்கும்."

"கையெழுத்து எங்க போடணும்?"

திஹோமிர் கையெழுத்துப் போட்ட அந்த வேலைக் கடிதத்தால் வுகாதின் வெளியே வந்தான். மச்சானைக் கிணற்றுத் தகராறில் மண்வெட்டியால் அடித்துக் கொன்றவன். பத்து வருஷத் தண்டனையில் ஒன்றரை வருஷம் பாக்கி. வேலையில் இருக்கிறவரை வெளியே இருக்கலாம். அவன் தப்பால் வேலை போனால் அந்த ஒன்றரை வருஷத்தையும் உள்ளே போய்க் கழிக்க வேண்டும். இதை நெவெங்கா எங்கள் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்துக் காட்டினாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

நான் அந்தக் கடையில் பன்னிரண்டு வருஷமாக மாவு பிசைகிறவன். பேர் ஒப்ராத். பேச்சு குறைவு, குடி கிடையாது, ஞாயிறு தவறாமல் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவேன். இந்த ஊருக்கு வருவதற்கு முன் ரஷ்யாவில் கட்டட வேலை பார்த்ததாகச் சொல்லி வைத்திருந்தேன். யாரும் மேலே கேட்டதில்லை.

வுகாதினை வேலையில் வைத்தே எடை போட்டேன். மாவைக் குத்தமாட்டான், மடிப்பான். மடித்துவிட்டு அது மூச்சு விடுகிறதா என்று காது வைத்துப் பார்ப்பான். ரொட்டி அடுப்பிலிருந்து வந்ததும் அடியில் விரலால் தட்டிச் சத்தம் கேட்பான். சொல்லிக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அவன் வாய்தான் ஓயாது.

மூன்றாம் நாள், முன்கடையில் விற்கிற யகோதா காலித் தட்டு எடுக்க உள்ளே வந்தாள். கதவு திறந்த சத்தம் கேட்டதும் நான் மாவு வெட்டும் தகட்டை மேசையில் வைத்தேன், பிடி கதவுப் பக்கமாக. இரண்டடி பின்னால் வந்து கையை விரித்து நின்றேன். என் பக்கத்தில் வுகாதினும் அதையே செய்தான். அதே பிடி, அதே இரண்டடி, அதே விரித்த கை.

யகோதா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "என்ன, ரெண்டு பேரும் கல்யாண வீட்டு ஆட்டம் பழகுறீங்களா?"

என் வழக்கம் அவளுக்குத் தெரியும். திஹோமிருக்கும் தெரியும். முதலாளி வந்தால் வேலையை நிறுத்தி எட்டி நிற்கிற மரியாதை என்று அவர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

அவள் போனதும் வுகாதின் மாவைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "எந்த ஜெயிலு, அண்ணே?"

"நான் ரஷ்யாவுல கட்டட வேலை பார்த்தவன்."

"ரஷ்யாவுல கொத்தனாருக்கும், காவலர் உள்ள வந்தா தகட்டுப் பிடிய வாசல் பக்கம் வெச்சு எட்டி நிக்கச் சொல்லிக் குடுப்பாங்களோ?"

என் கை மாவுக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்கவே முடியவில்லை.

"பயப்படாதண்ணே, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றான். அவன் கண் ஈரமாகியிருந்தது. "உள்ள இருக்கும்போது எங்களுக்குள்ள ஒரே பேச்சு. வெளிய போனவன் எவனாச்சும் திரும்ப உள்ள வராம நின்னிருக்கானான்னு. எவனையும் காட்ட முடியாது. இப்ப நீ நின்னுட்டிருக்கே. வெளிய வந்து எத்தனை வருஷம்?"

"பதினேழு" என்று சொல்லிவிட்டேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"பதினேழு! அப்ப நானும் நிப்பேன்."

அவனுக்கு அது சந்தோஷம். நான் அன்றிலிருந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தெற்கே ஒரு எண்ணெய்க் கிடங்கு. திருடப் போனது நாங்கள் மூன்று பேர். காவல்காரனை அடிக்கக்கூட இல்லை, வெளியே ஒரு கம்பத்தில் கட்டிப்போட்டோம், அவ்வளவுதான். ஜனவரி மாதம். காலையில் குளிரில் விறைத்துச் செத்துக் கிடந்தான். ஏழு வருஷம் இருந்தேன். ரொட்டி வேலை அங்கே கற்றதுதான். எழுத்தும் அங்கேதான். முப்பத்தெட்டு வயதில், வியாழக்கிழமை தோறும் ஒரு வாத்தியார் வருவார். எழுத்து தெரியாதவனுக்குச் சான்றிதழ் இல்லை என்பதால் கற்றேன்.

நவம்பர் முழுக்கக் கடையில் கூட்டம். சன்னல் ரொட்டியின் ருசி கடைக்கு வந்துவிட்டது என்று ஊரே வந்தது. டிசம்பரில் நிக்கோலா நாள் நெருங்கியது. எங்கள் ஊரில் பாதி வீட்டுக்கு நிக்கோலாதான் வீட்டுப் புனிதர். அன்றைக்குப் படையல் ரொட்டி இல்லாமல் முடியாது. பாதிரியார் அதன்மேல் வைனை ஊற்றுவார், வீட்டார் எல்லோரும் பிடித்துச் சுற்றிப் பிட்டு உண்பார்கள். நாற்பத்தியொரு வீட்டுக்காரர்கள் கேட்டிருந்தார்கள். விரத காலம், முட்டையும் பாலும் சேர்க்கக் கூடாது. வுகாதின் வெறும் மாவிலேயே திராட்சைக் கொத்தும் கதிரும் செய்தான், புறா செய்து சிறகில் கத்தரியால் நறுக்கி இறகு காட்டினான். கண்ணுக்கு மிளகு.

புனித நாளுக்கு மூன்று நாள் முன்னால், பெர்சிதா டீச்சர் தன் ரொட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். கணக்கு டீச்சர். ஊரில் பாதிப் பேர் அவளிடம் அடி வாங்கியவர்கள். ரொட்டியை நாப்கினோடு மேசையில் வைத்தாள்.

"இத யாரு பிசைஞ்சது?"

"கடையில பிசைஞ்சது டீச்சர்" என்றாள் யகோதா.

"என் தங்கச்சி மகன் கோர்ட்டுல குமாஸ்தா. எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத. கொலைகாரன் கை பட்ட மாவை நிக்கோலாவுக்கு முன்னால வைக்கச் சொல்றியா?"

யகோதாவுக்கு வாய் நீளம். "ஆறு வருஷமா சன்னல்ல வரிசையில நின்னு வாங்கினீங்களே, அதென்ன கன்னியாஸ்திரி பிசைஞ்சதா?"

"அது ஜெயில் ரொட்டி. அங்க யாரு பிசைஞ்சாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாதவரைக்கும் அது ரொட்டி. இங்க எனக்கு ஆளைத் தெரியும்."

பின்னால் நின்ற இரண்டு பெண்கள் ஆமாம் என்றார்கள். மாலைக்குள் பதினேழு ரொட்டி திரும்பி வந்தது. மறுநாள் சாதா ரொட்டியும் தேங்கியது. அந்த ஜனங்கள் எங்கே போனார்கள்? சன்னலுக்கு. அங்கே இப்போது வேறொருவன் பிசைகிறான், அவன் எத்தனை பேரைக் கொன்றானோ, யாரும் கேட்கவில்லை.

திஹோமிர் முன்கடையில் நின்று கும்பிடாத குறையாகச் சொன்னார். "இனிமே படையல் ரொட்டி மொத்தமும் ஒப்ராத்துதான். அவன் கை சுத்தமான கை. பன்னிரண்டு வருஷமாப் பார்க்கிறீங்கல்ல. மத்தவன் மாவு மூட்டைதான் தூக்குவான்."

"ஒப்ராத்துன்னா சரி" என்றாள் பெர்சிதா.

உள்ளே மூட்டையோடு நின்ற வுகாதினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. மூட்டையைக் கீழே போட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

திஹோமிர் திரும்பினார். "என்னடா சிரிப்பு?"

"மாவு மூக்குல ஏறிடுச்சு முதலாளி."

அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை நான் கேட்டேன். இன்றைக்கு மூக்கில் மாவு. நாளைக்கு ஒரு கிளாஸ் சாராயம் உள்ளே போனால்? அவன் நல்லவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நல்லவன் வாயும் வாய்தானே.

அன்று மத்தியானமே திஹோமிரின் அறைக்குப் போனேன். அவர் உப்பு மிளகாய் தொட்டுக்கொண்டு ரொட்டி தின்று கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் சிக்கல். காரணமில்லாமல் ஆளை நிறுத்தினால் அரசாங்கம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும்.

"முதலாளி, ஒரு விஷயம். வுகாதின் என்னைப் பத்திக் கண்டபடி சொல்றான். நானும் ஜெயிலுக்குப் போனவனாம். ரொட்டி வேலைய அங்கதான் கத்துக்கிட்டேனாம். காசு குடு, இல்லாட்டி ஊரெல்லாம் சொல்லுவேங்கிறான்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "உன்னையா? மெழுகுவத்தி ஏத்துறவனையா?"

"முடியாதுன்னேன். தகட்டைக் கழுத்துல வெச்சான்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். நம்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மிளகாயை ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

"யாராச்சும் பார்த்தாங்களா?"

"இல்ல."

"பரவால்ல. எழுதிக் குடு. உனக்குத்தான் எழுத்து வருமே."

எழுதினேன். ஒரு பக்கம் எழுத முக்கால் மணி நேரம் ஆனது. கழுத்து என்கிற வார்த்தை மட்டும் இரண்டு தடவை அடித்துத் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு நெவெங்கா வந்தாள். அவள் கையில் தொண்ணூறு பேரின் கோப்பு என்று அடிக்கடி சொல்வாள். காகிதத்தை நின்றபடியே படித்துவிட்டு வுகாதினைக் கூப்பிட்டாள். அவன் கையில் மாவோடு வந்து நின்றான். அவள் எழுத்துக்கூட்டாமல் கடகடவென்று வாசித்தாள். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. யாருடைய கழுத்து என்பதுபோல எங்கள் எல்லோரையும் பார்த்தான். பிறகு அவன் பார்வை என் முகத்தில் வந்து நின்றது.

"அண்ணே?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அண்ணே, இது நீ எழுதினதா? சொல்லுண்ணே, வேற யாரோ எழுதினதுன்னு சொல்லு."

"சொல்றதுக்கு ஏதாச்சும் இருந்தா என்கிட்ட சொல்லுங்க" என்றாள் நெவெங்கா.

அவன் கொஞ்ச நேரம் வாயைத் திறந்து திறந்து மூடினான். அப்போதும் அவன் வாக்கைக் காப்பாற்றத்தான் பார்த்தான் என்று நினைக்கிறேன். பிறகு அந்த ஒன்றரை வருஷம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

"அவர்கிட்டயே கேளுங்கம்மா. ரொட்டி வேலைய எங்க கத்துக்கிட்டார்னு கேளுங்க. தகட்டை ஏன் அப்பிடி வைக்கிறார்னு கேளுங்க!"

திஹோமிர் கையைத் தட்டினார். "பார்த்தீங்களா! இதையேதான் சொல்லுவான்னு ஒப்ராத்து நேத்தே சொன்னான். வார்த்தை மாறாம!"

நெவெங்கா பெருமூச்சு விட்டாள். கடைக்காரரும் வேலைக்காரரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள், என்னால் என்ன செய்ய முடியும் என்றாள்.

"டேய்" என்றான் வுகாதின். என்னை அவன் அண்ணே என்று கூப்பிடாதது அந்த ஒரு தடவைதான். பாய்ந்து வந்து சட்டையைப் பிடிப்பான் என்று பயந்திருந்தேன். பிடித்திருந்தால் எனக்கு நல்லது, எழுதினது உண்மையாகியிருக்கும். அவன் ஏப்ரனில் கையைத் துடைத்தான், விரல் விரலாக. ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தான். போலீஸ் வண்டி வருகிற வரைக்கும் மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். யகோதா அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு நன்றி சொன்னான்.

நிக்கோலா நாள் ரொட்டி நாற்பத்தியொன்றையும் நான் தனியாக மறுபடி முதலிலிருந்து செய்தேன். புறா எனக்கு வரவில்லை, தவளை மாதிரி உட்கார்ந்தது. பிய்த்துப் போட்டுவிட்டு வெறும் சிலுவை மட்டும் வைத்தேன். ஒருத்தரும் குறை சொல்லவில்லை. பெர்சிதா டீச்சர் மோந்து பார்த்து, "இப்பத்தான் மனசுக்கு நிம்மதி" என்றாள். தன் வீட்டுக்குக் கட்டாயம் வரச் சொன்னாள். போனேன். பாதிரியார் பக்கத்தில் நின்று ரொட்டியைச் சுற்றும்போது என் கையையும் பிடித்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

மார்ச்சில் நெவெங்கா இன்னொரு கோப்போடு வந்தாள். பயிற்சி முடித்தவன், முதல் வகுப்பு, கடிதம் கிடைத்தால் ஏப்ரலில் வெளியே வரலாம். திஹோமிர் என்னைக் கூப்பிட்டார்.

"போன தடவ பட்டவன் நீதான். நீயே சொல்லு, எடுக்கலாமா?"

கோப்பு மேசைமேல் திறந்திருந்தது. நான் விரல் வைத்து வாசித்தேன். பேர் ராதோவான். வயசு இருபத்தாறு. வேலை கொடுப்போர் கடிதம் என்கிற இடம் காலியாக இருந்தது. ஓரத்தில் ஒட்டிய போட்டோவில் மொட்டைத் தலையோடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இவன் வந்தால் மூன்று நாளில் என் கை தகட்டை வைக்கிற விதத்தைப் பார்ப்பான்.

"வேணாம் முதலாளி" என்றேன். "இவன் பார்வை சரியில்ல."

"ஒப்ராத்து சொன்னா சரியா இருக்கும்" என்றார் திஹோமிர்.

நெவெங்கா கோப்பை மூடினாள். வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை, நேரமாகிவிட்டது என்றாள். யகோதா அவளுக்கு ஒரு சூடான ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தாள். நான் உள்ளே போனேன். மாவில் உப்புப் போட்டேனா இல்லையா என்று நினைவில்லை. கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிசைய ஆரம்பித்தேன்.