எட்டு மணி ரத்தம்

மூன்று மாதமாக அவளுக்கு நடுராத்திரி மூன்று மணிக்கு டாண் என்று விழிப்பு வந்துவிடுகிறது. பக்கத்தில் கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். இவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் தலைமைப் பொறுப்பு காலியான நாளிலிருந்துதான் இந்தக் கூத்து. பதினோரு வருடம் மாடாய் உழைத்தவள் அந்த நாற்காலிக்கு ஆசைப்படுவதில் என்ன குற்றம்?

விஷயத்தை ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள். இவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த தோழி. கூடத்தில் அவளுக்குப் பெயரே கடிகாரம்தான். குப்பியில் ரத்தம் எடுத்த நேரத்தை ஒரு நிமிடம் பிசகாமல் எழுதுவாள். வேறு யாராவது ‘சுமார் ஒன்பது’ என்று எழுதிவிட்டால் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு வருவாள்.

“ஏன்டி இப்படிக் கெடந்து தவிக்கறே? மன அழுத்தத்துல ஏறுற சுரப்பு, அந்தக் கார்ட்டிசால் எவ்வளவு இருக்குன்னு ரத்தத்துல பாத்துடலாம். யாருக்கும் தெரியாம நானே பாத்துச் சொல்றேன்,” என்றாள் கடிகாரம்.

காலை எட்டு மணிக்கு அவளே ஊசி குத்தினாள். மறுநாள், “பதினாறுதான். பயப்படாதே, நான் இருக்கேன்ல,” என்று தோளைத் தட்டிக்கொடுத்தாள். கூடப் பிறந்தவள்கூட இப்படித் தாங்கமாட்டாள் என்று இவள் கணவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அடுத்த வாரம் மேலாளர் கூப்பிட்டார்.

“மொதல்ல உடம்பப் பாத்துக்கோங்கம்மா. இந்த நிலைமையில உங்க தலையில பாரத்தை ஏத்த மனசு வரல. பொறுப்பை உங்க தோழிக்கே குடுத்துட்டோம். பாவம், அவங்கதான் உங்களுக்காக ரொம்பக் கவலைப்பட்டு இதைக் கொண்டுவந்து காட்டினாங்க.”

மேசைமேல் இவளுடைய அறிக்கை. அளவு பதினாறு. எடுத்த நேரம், இரவு பதினொன்று.

கார்ட்டிசால் காலையில் ஏறும், ராத்திரியில் இறங்கும். காலை எட்டுக்குப் பதினாறு என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். இரவு பதினொன்றுக்கு அதே பதினாறு என்றால் மருத்துவரிடம் ஓடவேண்டும்.

“சார், நேரம் தப்பு. இது காலையில எடுத்தது.”

மேலாளர் சிரித்தேவிட்டார். “கடிகாரமா தப்பா எழுதுவாங்க?”

நேரே தோழியிடம் போனாள். கடிகாரம் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இவள் கேட்டதும் நிமிராமலே சொன்னாள்: “கை தவறிடுச்சுடி. அவசரத்துல எழுதியிருப்பேன்.”

நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டு இப்படி ஒரு சப்பைக்கட்டு!

“பதினோரு வருஷத்துல உனக்கு ஒரு நிமிஷம் தப்பினதில்ல. என் குப்பியில மட்டும் பதினஞ்சு மணி நேரம் தப்பிடுச்சா?”

கடிகாரம் அடுத்து வந்த நோயாளிக்கு ரத்தம் எடுத்தாள், சுவரில் மணியை நிமிர்ந்து பார்த்தாள், கை நடுங்காமல் எழுதினாள்: பத்து நாற்பத்து மூன்று.