ஒரு இதய தூரம்

1968 பிப்ரவரியில், ஜெர்மனியின் ஹனோவரில், ஆய்வு மாணவர் வாசுதேவனின் பற்கள் முப்பத்திரண்டும் மூன்று நாள் காணாமல் போயின. பழைய மெக்சிகோவின் நாவாட்ல் சித்திர எழுத்தில் பல்வரிசைக் குறியை அவர் சரியாகப் படித்த வியாழக்கிழமை மாலை அது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவை தாமாகவே திரும்பி வந்து வாயில் உட்காரும்வரை, மனைவி வத்சலா ரசம் சாதத்தைக் குழையக் குழையப் பிசைந்து கொடுத்தாள். மூக்கைப் படித்தபோது மூக்கு ஒரு நாள் போயிற்று. பாதத்துக்கு இரண்டு நாள். தப்பாகப் படித்தால் எதுவும் போகாது. ஆகவே படித்தது சரியா என்று பார்க்கத் துறைத் தலைவர் அகராதி புரட்டுவதை விட்டுவிட்டு, காலையில் வாசுதேவனை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கைக் குறி மட்டும் நான்கு மாதம் பிடிபடவில்லை. பழைய நிலப் பதிவேட்டில் வயலின் பக்கங்களைக் கைகளாலும் இதயங்களாலும் குறித்திருந்தார்கள். பூவை முழம்போட்டு வாங்கிய ஊர்க்காரர் அல்லவா, கை என்றால் முழங்கையிலிருந்து விரல்வரை என்றே வைத்துக்கொண்டார். வரைந்தால் பக்கங்கள் சேராமல் வயல் வாயைப் பிளந்தது. ஜன்னல் திரைக்குத் துணி அளந்துகொண்டிருந்த வத்சலாவுக்குப் பொறுக்கவில்லை. "பூக்காரம்மா கையை ஏங்க இங்க கொண்டுவர்றீங்க? ரெண்டு கையையும் விரிச்சுப் பாருங்க." விரித்தார். வயல் சேர்ந்தது, கைகள் போயின. ஐந்து நாள் அவருக்குத் தலை வாரிவிட்டு, ஆய்வேட்டையும் அவளே டைப் அடித்தாள்.

மிச்சம் இதயக் குறி. அதைப் படிக்காவிட்டால் ஜூலையோடு உதவித்தொகை நின்று, ஆறு வருட உழைப்பும் வீணாகி, ஊருக்குக் கப்பலேற வேண்டும். படித்தாலோ இதயம் போய்விடும். பல் இல்லாமல் ரசம் சாதம் சாப்பிடலாம். வாசுதேவன் பதிவேட்டின் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆறு வாரம் ஜலதோஷம் என்று சொல்லித் திரிந்தார்.

ஒருநாள் டிராம் நிறுத்தத்தில் வத்சலா முடிவாகச் சொன்னாள். "எனக்கு உங்க டாக்டர் பட்டம் வேணாம். நீங்க இருந்தாப் போதும். கப்பல் டிக்கெட் புக் பண்ணிட்டு வர்றேன்." திரும்பி நடந்தாள். அவளை நிறுத்த வாசுதேவன் கையை நீட்டினார். விரல் நுனி அவள் தோளைத் தொட்டது. அளக்க வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. ஆனால் நடு நெஞ்சிலிருந்து விரல் நுனிவரை உள்ள அந்த நீளத்தில் கடைசி வயலும் அவர் மனதுக்குள் பக்கம் பக்கமாகச் சேர்ந்துகொண்டது. நெஞ்சில் சத்தம் நின்றது.

அவர் விழவில்லை. வத்சலா தன் கோட்டுக்குள் கைவைத்துக் கொஞ்சநேரம் கவனித்தாள். "இங்க இருக்குங்க. ரெண்டா அடிக்குது. டிராம் வருது, ஏறுங்க," என்றாள்.

மற்ற உறுப்புகளைப் போல இதயம் திரும்பவில்லை, ஏன் என்று வத்சலாவும் கேட்கவில்லை. ஆய்வேடு தேறியது, வேலை கிடைத்தது, ஒரு மகளும் பிறந்தாள். வருடாந்தரப் பரிசோதனையில் வாசுதேவனுக்கு நாக்கையும் காதையும் பார்த்துவிட்டு, டாக்டர் குழாயை வத்சலாவின் நெஞ்சில் வைத்துக் கேட்பார். 1977ஆம் வருட அட்டையில், இதயம் என்ற கட்டத்துக்கு எதிரே, புதிதாக வந்த நர்ஸ் யாரையும் கேட்காமலேயே எழுதி முத்திரை குத்தினாள்: மனைவியிடம் உள்ளது, நலம்.