எல்லாப் பயன்களுக்கும்

மேற்கே கடலும் கிழக்கே வேளிமலையும் காவல்போல் நிற்க, இடையே தென்னஞ்சோலைகளும் நெல்வயல்களும் வள்ளியாற்றின் நீரும் பரந்து கிடக்கும் மணவாளக்குறிச்சிப் பகுதியில், கடலோரத்து மணல் ஒரே நிறத்ததன்று. அலை மீளும் இடத்தில் மையென இருண்டும், காற்று குவித்த மேட்டில் செங்கல் உடைத்துத் தூவியதெனச் சிவந்தும் அது கிடக்கும். கொல்லம் ஆயிரத்து நூற்றேழாம் ஆண்டு தைத்திங்களில் ஒருநாள், கதிரவன் கடலுக்குமேல் இரு பனை உயரத்தில் நின்ற வேளையில், அம்மணலில் ஒரு சிற்றூர் முழுவதும் கூடியிருந்தது. கரைமடி வலை இழுத்தேற்றப்பட்டு மீன் இனம் இனமாகப் பிரிக்கப்பட்டுக்கொண்டிருக்க, அதனருகே கவிழ்த்த பெட்டியொன்றின்மேல் அமர்ந்து, ஆவண எழுத்தர் ஞானதாசன் தாம் எழுதிய குத்தகை ஆவணத்தைக் கையில் விரித்தார்.

அம்மணலிலிருந்து வெண்சாயம் எடுக்கலாம் எனக் கண்டு, வெள்ளையர் குழுமம் ஒன்று அதைக் கப்பலேற்றத் தொடங்கியிருந்த காலம் அது. கட்டுமரங்கள் கரையேறுவதும் மடி இழுக்கப்படுவதுமான அந்தத் துண்டு நிலம், மீன்கூடை சுமந்து கோட்டாற்றுச் சந்தைவரை நடக்கும் செசிலி என்பாளுக்குத் தாய்வழி வந்தது. மேட்டுமணலைப் பன்னிரண்டு ஆண்டு அள்ளிக்கொள்ளக் குழுமத்தின் முகவரும் குளச்சல் வணிகருமான பக்கீர் முகம்மது கேட்க, அவள் இசைந்தாள். ஒன்று மட்டும் சொன்னாள்: தனக்கு எழுத்துத் தெரியாதாகையால், கைநாட்டு வைக்குமுன் ஆவணத்தைக் கரையில், நாற்பது குடும்பமும் கேட்கப் படிக்கவேண்டும் என்று.

ஞானதாசனுக்கு அது உவப்பாகவே இருந்தது. பிறர் எழுதும் ஆவணங்களில் வடசொல்லும் மலையாளமும் மண்டிக் கிடக்க, தாம் ஒருவரே செந்தமிழில் எழுதுவதாகப் பெருமை கொண்டவர் அவர். பதினெட்டு ஆண்டுகளாக அவர் எழுதிய ஒவ்வோர் ஆவணமும் ஒரே நிறைவு வரியால் முடியும். அதை எழுதும்படி எவரும் கேட்டதில்லை. செவிக்கு இனிதாயிருந்தமையால் அவரே சேர்த்துக்கொண்டது அது. அடித்தல் திருத்தல் இல்லாத கையென்று பதிவுச்சாலையில் அவருக்குப் பெயரும் இருந்தது.

"மணல் அள்ளவும், சலிக்கவும், உலர்த்தவும், மூட்டை கட்டவும், வண்டியேற்றவும், இன்னும் இவையொத்தனவும் இவையல்லனவுமாய் வேண்டப்படும் எல்லாப் பயன்களுக்கும்..." என்று அவர் குரலை உயர்த்திப் படித்தார்.

"ஓய், பாட்டு படிக்கது மாதிரில்லா இருக்கு!" என்றான் மடித்தலைவன் ததேயுஸ். கூட்டம் சிரித்தது. எழுத்தர் உள்ளம் குளிர்ந்தார்.

மீன் பிரித்த கையை நிறுத்தாமலே செசிலி சொன்னாள்: "எழுத்துக்காரரே, அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா வாசியும்."

சுவைத்துக் கேட்கிறாள் போலும் என்றெண்ணி, முன்னினும் இனிமையாகப் படித்தார்.

"அதுக்க அர்த்தம் என்ன?"

"நிறைவு வரி, அம்மா. எல்லாவற்றையும் உள்ளடக்குவது. அஃதின்றி ஆவணம் முற்றுப்பெறாது."

"எல்லாத்தையும்னா? இதில வேலி கெட்டலாமா?"

அவர் தாளைப் பார்த்தார். பதினெட்டு ஆண்டுகளில் அவ்வரியை அவர் நூறுமுறை எழுதியிருந்தார்; ஒருமுறையேனும் அதன் பொருளை எண்ணிப் பார்த்ததில்லை.

"கட்டலாம்" என்றார்.

"எங்க ஆளுக மரத்தக் கரையில கேத்தவிடாம தடுக்கலாமா?"

அவர் விரலை அவ்வரியின்மேல் ஓட்டிப் பார்த்தார். "தடுக்கலாம்."

"அப்போ மடிய நாங்க எங்க வச்சு இழுக்கது? உமக்க வீட்டு முத்தத்திலயா?" என்றான் ததேயுஸ். மீண்டும் சிரிப்பெழுந்தது. ஆயின் அது முன்னைய சிரிப்பன்று. ஞானதாசனின் காது சுட்டது.

அருகே நின்ற பக்கீர் முகம்மது அமைதியாகக் கூறினார்: "செசிலி, வீணாப் பயப்படாதே. நான் கேட்டு எழுதினதில்ல. இவரு எழுதுத எல்லா ஆதாரப் பத்திரத்திலயும் உள்ள வரிதான். கைநாட்டு வச்சிரு."

செசிலி எழுந்து நின்றாள். அவள் விரல் சுட்டிய இடத்தில் மீன்குவியல் ஒன்று தனியே கிடந்தது. அக்கரையில் ஒரு முறைமை உண்டு. அயிலை, சாளை, வாளை எனப் பெயர் சொல்லிப் பிரித்தபின் எஞ்சுவதைக் கலப்புக் கூறு என்பர். அதனை வணிகர் கிளறிப் பாராமல் மொத்தமாக எடுப்பர். பெயர் சொல்லிப் பிரித்தவற்றுள் சிறியதாகிய சாளையினும் பெரிய மீன் எதுவும் அக்கூற்றில் சேராது. தப்பித் தவறிக் கிடந்தால், எடுத்தவர் அதனைக் கரைக்கே திருப்பித் தரவேண்டும்.

"மொதலாளி, போன மாசம் நீரு எடுத்த கலப்புக் கூறில ஒரு பெரிய நெய்மீன் கெடந்துது. ஒரு மனுசனும் பாக்கல்ல. அத ஏன் திருப்பிக் குடுத்தனுப்பினீரு?"

"அது கரைக்க மொறையில்லியா? கலப்புன்னா பொடிமீனு. நெய்மீன் அதில சேருமா? எனக்குச் சேராத மீன எனக்க வீட்டுல எப்பிடி வேவிக்கது?"

"அப்போ வேலி மட்டும் பொடிமீனா?"

பக்கீர் முகம்மது அவளை நோக்கினார், குவியலை நோக்கினார், பின்னர் தொடையில் தட்டி உரக்கச் சிரித்தார். "எனக்க மீன வச்சே என்னை அடிச்சிட்டியே! எழுத்தரே, மாத்தி எழுதும். வெள்ளைக்காரன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"வரிய முழுசா எடுத்திரட்டுமா?" என்று ஞானதாசன் கேட்டார். தம்மை அறியாமல் அவரும் கரையின் பேச்சில் கேட்டிருந்தார்.

"எதுக்கு? கலப்புக் கூறு இல்லாத மடி உண்டுமா? அதில என்ன சேரும், என்ன சேராதுன்னு எழுதும். அது போதும்."

முத்திரைத்தாளில் அடித்தால் அடிக்குறிப்பு எழுதவேண்டும். அடிக்குறிப்பைப் பதிவுச்சாலையில் எல்லாரும் காண்பர். ஞானதாசன் மைக்கூட்டைத் திறந்து, தாம் ஈன்ற பிள்ளையைப்போல் பேணிய வரியின் குறுக்கே நேர்க்கோடு ஒன்றை இழுத்து, அதன்மேல் 'பிற பயன்களுக்கும்' என்று மட்டும் எழுதினார். கீழே எழுதினார்: "இவ்வாவணத்தில் பிற பயன்கள் எனப்படுவன, மேலே பெயர் சொல்லப்பட்டவற்றின் இனத்தனவாய், அவற்றுள் மிகச் சிறியதினும் பெரிதாகாதவை மட்டுமே. மடி இழுப்பதையும் மரம் ஏற்றுவதையும் தடுக்கும் எச்செயலும் அவற்றுள் அடங்காது." படித்துக் காட்டினார். பாட்டுப்போல் இருக்கிறதென்று எவரும் சொல்லவில்லை. செசிலி பெருவிரலில் ஒட்டிய செதிலைச் சேலையில் துடைத்துவிட்டுக் கைநாட்டு வைத்தாள்.

இரண்டாண்டு கழிந்தது. குழுமத்துக்குப் புதிதாய் வந்த மேற்பார்வையாளர், மேட்டிலிருந்து அலைவிளிம்புவரை மரத்தூண் நட்டு முட்கம்பி கட்டுவித்தார். இருபத்திரண்டு நாள் அக்கரையில் மடி இறங்கவில்லை. நாற்பது வீட்டிலும் அடுப்பு ஒருவேளையே எரிந்தது. வழக்கு முறைமன்றம் ஏறிற்று. பிற பயன்களுள் வேலியும் ஒன்றென்று குழுமத்தின் வழக்கறிஞர் நெடுநேரம் வாதிட்டார். பக்கீர் முகம்மது கூண்டேறி, தம்மை அமர்த்திய குழுமத்தார் முன்னிலையிலேயே, கரையில் நடந்ததை நடந்தவாறே உரைத்தார். அதன்பின் ஞானதாசன் அழைக்கப்பட்டார்.

நீதிபதி அடிக்குறிப்பை இருமுறை படித்தார். "ஈராண்டுக்கு முன்னரே இவ்வளவு தெளிவாக வரையறுத்திருக்கிறீர். எந்தச் சட்டநூலைப் பார்த்து எழுதினீர்?"

தமதென்று கூறிக்கொள்ள அவருக்கு ஒரு நொடி வாய்த்தது. மன்றத்தின் கடைசியில், கூடையை வெளியே வைத்துவிட்டு வந்து, செசிலி நின்றுகொண்டிருந்தாள்.

"நூல் பார்க்கவில்லை, ஐயா. அதோ நிற்கும் செசிலி அம்மையார் சொன்னார். நான் எழுதினேன். நான் சொந்தமாக எழுதியது மேலே அடிபட்டுக் கிடக்கிறது."

மன்றம் நகைத்தது. அவரும் நகைத்தார், நிமிர்ந்து நின்று நகைத்தார். தம் எழுத்தைப்பற்றி அதுவரை அவர் கொண்டிருந்த பெருமைகள் யாவும் அந்நொடியின் முன் சிறுத்துப்போயின.

வேலியை அகற்றத் தீர்ப்பு வந்த மறுநாள் ததேயுசும் ஆள்களும் மடிக்கயிற்றைத் தூண்களில் பிணைத்து, மீன் இழுக்கும் அதே ஏலேலோப் பாட்டைப் பாடி ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினர். உச்சிக்குமுன் மடி கடலில் இறங்கிற்று. பின்னாளில் அவ்வட்டாரத்து எழுத்தர் பலரும் அவ்வரையறையைத் தத்தம் ஆவணங்களில் படியெடுத்துச் சேர்த்தனர். அதன் பிறப்பிடம் அவர்களுக்குத் தெரியாது. ஓசையால் நிறையும் சொல் ஓதி முடிந்ததும் காற்றோடு போம். எல்லை அறிந்து நின்ற சொல்லோ, எழுதியவனும் சொன்னவளும் மறைந்தபின்னும், அலைவிளிம்பில் நாற்பது குடும்பத்துக்குக் கால் வைக்க இடம் காத்து நிற்கும்.